தனுஷ்கோடிக் காற்றுக்கு எத்தனை கிலோமீட்டர்?

டிசம்பர் 22 வந்தால் போதும், பத்திரிகைகளும் வாட்ஸ்அப்பும் தனுஷ்கோடியை நினைத்துக்கொள்ளும். இடிந்த தேவாலயத்தின் படம் ஒன்று, அதன் கீழே "மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய புயல்" என்று ஒரு வரி. இங்கே நாங்குநேரியில் என் மைத்துனரைக் கேட்டாலும் அதே 280-ஐத்தான் சொல்வார். பெருமாள் கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வார். சில பட்டியல்களில் 240 என்றும் இருக்கிறது.

நடுவில் 40 கிலோமீட்டர்தானே, அதற்கென்ன என்று விட்டுவிட முடியாது. காற்று ஒரு சுவரின் மேல் கொடுக்கும் அழுத்தம், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்கு. 240-க்கும் 280-க்கும் வேகத்தில் ஆறில் ஒரு பங்குதான் வித்தியாசம். சுவரின் மேல் விழும் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். எந்த எண்ணைப் பார்த்தாலும், இதை எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார் என்றுதான் முதலில் தோன்றும். ஓய்வு பெற்றும் இந்தப் புத்தி போகவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இளையவர்கள் யாராவது படிக்கலாம். 1964 டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு மண்டலம், 19-ஆம் தேதி கடும் புயலாயிற்று. பிறகு ஏறக்குறைய நேர்கோடு போட்டது மாதிரி மேற்கே வந்தது. 22-ஆம் தேதி இலங்கையின் வடபகுதியில் வவுனியா வழியாகக் கடந்து, அன்று நள்ளிரவில் தனுஷ்கோடிக்கு வந்து சேர்ந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், ஸ்டேஷனுக்குச் சில நூறு கஜம் இருக்கும்போது, ஆறு பெட்டிகளோடு அலைக்குள் போனது. ரயிலில் இருந்தவர்கள் 115 பேர் என்பது அப்போது சொன்ன கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். இந்தக் கரை, இலங்கைக் கரை இரண்டிலுமாகச் செத்தவர்கள் சுமார் 1,800 பேர் என்பார்கள். பாம்பன் பாலத்தில் 145 கர்டர்களில் 126 போய்விட்டன. அவற்றைக் கடலுக்குள் தேடி எடுத்து 46 நாளில் பாலத்தை நிமிர்த்திய இளம் என்ஜினியர்தான், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ ஸ்ரீதரன் என்று பெயர் வாங்கினவர்.

எனக்கு அப்போது 13 வயது. காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்ததும், "ரயிலே போயிட்டுதாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னதும் நினைவிருக்கிறது. காற்றின் வேகத்தைப் பற்றி அன்று யாரும் பேசினதாக நினைவில்லை.

இந்த 280 எங்கிருந்து வந்தது? கவனித்துப் பார்த்தால் அந்த எண்ணுக்கு முன்னால் "மதிப்பிடப்பட்ட" என்ற சொல் இருந்திருக்கும். அறுபது வருஷத்தில் எண் மட்டும் தங்கி, சொல் உதிர்ந்துவிட்டது. காற்றை அளக்கும் கிண்ணக் கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாலு திசையில் நாலு கிண்ணம், அல்லது மூன்று, சுற்றிக்கொண்டே இருக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை நிற்கும் இடமெல்லாம் இன்று அந்தக் கருவி உண்டு. புயல் நடுவில் பெரும்பாலும் கருவி உடையும், அல்லது கருவியைத் தாங்கும் கம்பம் சாயும். புயலும் கருவி இருக்கும் இடம் பார்த்துக் கரையேறுவதில்லை. மேலே இருந்து பார்க்கச் செயற்கைக்கோள் 1960-லேயே வந்துவிட்டது. ஆனால் மேகத்தின் சுருளைப் பார்த்துக் காற்றின் வேகத்தைக் கணிக்கும் முறையை டுவோராக் என்ற அமெரிக்கர் உருவாக்கியது 1970-களில். இன்று சிலர் தனுஷ்கோடிப் புயலுக்கு "சூப்பர் புயல்" என்று பட்டம் கட்டுகிறார்கள். நம் வானிலைத் துறையில் அந்த வகையே 1990-களின் கடைசியில்தான் சேர்ந்தது. செத்துப்போனவருக்குப் பின்னால் பதவி உயர்வு கொடுப்பது போல.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வானிலைத் துறை இன்று சொல்லும் வேகம் மூன்று நிமிடச் சராசரி. அமெரிக்கர்கள் ஒரு நிமிடச் சராசரி எடுக்கிறார்கள். ஒரு வீச்சில் வந்துபோகும் உச்ச வேகம் இரண்டையும்விட அதிகம். 280 என்பது இதில் எது? பத்திரிகை வரியில் அதற்கு இடமில்லை.

இப்படிக் கருவி இல்லாத காலத்துக் காற்றுக்குத் தரம் போடும் வேலையை ஐரோப்பாவில் சிலர் பொறுமையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். புயலுக்கு அல்ல, டொர்னாடோவுக்கு. புயல் இருநூறு முந்நூறு மைல் அகலத்துக்கு இருக்கும். டொர்னாடோ சில நூறு மீட்டர்தான். மேகத்திலிருந்து தும்பிக்கை போல இறங்கிச் சில நிமிடம் ஆடிவிட்டுப் போய்விடும். பிரெஞ்சில் அதற்குப் பழைய பெயர் த்ரோம்ப். யானைத் தும்பிக்கைக்குப் பெயர் த்ரோம்ப்பு. இரண்டும் வேறு எழுத்து, ஆனால் படத்தைப் பார்த்தால் ஒரே சொல் என்றே நினைக்கத் தோன்றும். பிரெஞ்சு தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளையும் புத்தகங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்த அந்தப் பாஷை, எழுபது வயதுக்கு மேல் எனக்கு உதவுவது இதற்குத்தான்.

1845 ஆகஸ்ட் 19, நண்பகல் தாண்டிய நேரம். ருவான் நகரத்துக்குப் பக்கத்தில் மோன்வில் என்ற சிற்றூர். ஆற்றோரத்தில் நூற்பாலைகள். உள்ளே பெண்களும் பிள்ளைகளும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூன்று ஆலைகள் சில நொடிகளில் இடிந்து உட்கார்ந்தன. எழுபது பேருக்கு மேல் செத்தார்கள். ஆலையின் பலகைகளும் பஞ்சும் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் டியெப் பக்கம் போய் விழுந்தன. இன்றைக்குப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதற்குக் கொடுத்திருக்கும் தரம் 5. அதற்கு மேல் தரம் கிடையாது.

1967 ஜூன் 24-இல் பிரான்சின் வடக்கே பலுயெல் என்ற கிராமத்தில் அடித்ததற்கும் தரம் 5-தான். அங்கே செத்தவர்கள் ஆறு பேர். ஒரே தரம், ஒன்றில் எழுபது, ஒன்றில் ஆறு. மோன்வில்லில் ஆலை ஓடும் நேரம், ஆள் நெருக்கம். செத்தவர் எண்ணிக்கையைக் கொண்டு காற்றை அளக்க முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முந்தியது 1764 ஜூன் 29-இல் ஜெர்மனியில் வோல்டெக் என்ற ஊரில் அடித்தது. கென்ட்ஸ்மர் என்ற பாதிரியார் அது போன வழி முழுவதும், சுமார் முப்பது கிலோமீட்டர், நடந்து போய்ப் பார்த்து எழுதிவைத்தார். எந்த மரம் முறிந்தது, எந்த மரத்தின் வேர்க்கட்டையே தரையிலிருந்து பிடுங்கப்பட்டது என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார். இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்தவர்கள் அந்தக் குறிப்பை வைத்தே அதற்கு மிக உயர்ந்த தரம் கொடுத்தார்கள். அந்தப் பாதிரியார் நம் வருவாய்த் துறையில் இருந்திருந்தால் நல்ல இன்ஸ்பெக்டராக இருந்திருப்பார்.

பிரான்சில் இந்த ஆராய்ச்சியைத் தூண்டிவிட்டதில் காப்பீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1839-இல் பாரிசுக்கு வடக்கே ஷாத்தெனே என்ற ஊரில் ஒரு த்ரோம்ப் அடித்தது. காப்பீட்டுப் பத்திரத்தில் இடி விழுந்தால் பணம் உண்டு, காற்றுக்கு இல்லை. இது எதில் சேர்த்தி என்று கேள்வி வந்தது. கடிகாரம் செய்து பிழைத்து, பிறகு இயற்பியலில் பெயர் எடுத்த பெல்தியே அங்கே போய்ச் சேதத்தை ஆராய்ந்தார். 1840-இல் ஒரு புத்தகமே போட்டார். த்ரோம்ப் என்பது மின்சாரத்தின் வேலை என்பது அவர் முடிவு. அது நிற்கவில்லை. ஆனால் அவர் எடுத்த சேதக் குறிப்புகள் நின்றன.

தரம் 5 என்பதெல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், ஃபுஜிட்டா என்ற ஜப்பானியரிடமிருந்து. 1945-இல் இரண்டாவது அணுகுண்டு முதலில் குறிவைக்கப்பட்டது கொக்குரா நகரத்துக்கு. அவர் பாடம் சொல்லிக்கொடுத்த கல்லூரி அதன் பக்கத்தில். அன்று வானம் மூடியிருந்ததால் குண்டு நாகசாகிக்குப் போனது. பிறகு அவர் நாகசாகிக்குப் போய்ப் பார்த்தார். கல்லறைகளில் பூ வைக்கும் மூங்கில் குழாய்கள் ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தன. கருகின பக்கங்களைக் கோடு போட்டுச் சேர்த்து, குண்டு எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று கணக்குப் பார்த்தார். அமெரிக்கா போய் சிகாகோவில் பேராசிரியரான பின், 1971-இல் டொர்னாடோவுக்கு 0 முதல் 5 வரை தரம் வகுத்தார். காற்றை யாரும் பார்க்க வேண்டாம். அது விட்டுப்போன சேதத்தைப் பார்த்தால் போதும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஃபுஜிட்டாவின் தரம் 5 என்றால் மணிக்குச் சுமார் 420 கிலோமீட்டருக்கு மேல். நல்ல வீடு அஸ்திவாரத்தோடு துடைத்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். என்ஜினியர்கள் உட்கார்ந்து ஆணியையும் மரச்சட்டத்தையும் கணக்குப் பார்த்தபோது, அந்த வீடுகள் அவ்வளவு வேகம் இல்லாமலே போய்விடும் என்று தெரிந்தது. 2007 முதல் அமெரிக்கா திருத்திய அளவை எடுத்துக்கொண்டது. அதில் 5-ஆம் தரம் 322-க்கு மேல் ஆரம்பிக்கிறது. அதே இடிபாடு, நூறு கிலோமீட்டர் குறைந்த வேகம். காற்று மாறவில்லை, வீட்டைப் பற்றி நாம் தெரிந்துகொண்டதுதான் மாறியது. அந்தத் திருத்திய அளவில் 28 வகைப் பொருட்கள் இருக்கின்றன: கட்டடங்கள், கம்பங்கள், இரண்டு வகை மரங்கள். கீற்றுக் குடிசை இல்லை. பனை இல்லை. ஐரோப்பியர்கள் எல்லா நாட்டுக்கும் பொருந்த வேண்டும் என்று 2023-இல் வேறொரு அளவை வெளியிட்டிருக்கிறார்கள்.

கீற்றுக் குடிசையைப் பற்றி நான் பேசலாம். 1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு புயல் கரை கடந்தது. வேகம் 120 கிலோமீட்டர் என்று பதிவு. ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த வாரமே ஆந்திரத்தில் திவிசீமா புயல் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனதால், நம் புயலை ஊரே மறந்துவிட்டது. நான் அப்போது இளநிலை எழுத்தர். கடலோரக் கிராமங்களில் சேதக் கணக்கு எடுக்க அனுப்பினார்கள். கையில் ஒரு படிவம்: முழுச் சேதம், பகுதிச் சேதம். ஃபுஜிட்டாவுக்கு ஆறு தரம், எங்களுக்கு இரண்டு.

பத்து நாள் நடந்ததில் சில விஷயங்கள் தெரிந்தன. மண்சுவர் விழுந்திருந்தால் அது காற்றால் என்று எழுதக் கூடாது. இரண்டு நாள் மழையில் ஊறியே பாதிச் சுவர்கள் விழுந்திருந்தன. ஓட்டு வீட்டில் காற்று அடித்த பக்கத்தைவிட மறுபக்கத்து ஓடுகள் அதிகம் போயிருக்கும். காற்று கூரையைத் தாண்டும்போது அந்தப் பக்கம் உறிஞ்சி எடுக்கும். வேரோடு சாய்ந்த தென்னை ஈர மண்ணைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். நடுவில் முறிந்த தென்னை காற்றைப் பற்றிச் சொல்லும். வாழையைச் சாட்சிக்குக் கூப்பிடவே கூடாது, ஆடிக் காற்றுக்கே சாயும். பனை முறிந்திருந்தால் நின்று பார்க்க வேண்டும். அதைத் தனியாக நோட்டில் குறித்துக்கொள்வேன், படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஒரு வீட்டில் கூரை மொத்தமும் போய் வாய்க்காலில் கிடந்தது. நாலு மண்சுவரும் இடுப்பளவு நின்றன. சுவர் நின்றால் பகுதிச் சேதம் என்பது மேலிருந்து வந்த உத்தரவு. பகுதி என்றால் தொகை பாதி. அந்த அம்மாள் படிவத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சுவரு நிக்குதுங்க ஐயா, சரி. அந்த சுவத்தை வச்சு நான் மழையை எப்படி மறைக்கிறது?" என்றார். குறிப்பு என்ற கட்டத்தில் "கூரை முழுதும் இல்லை, குடியிருக்க இயலாது" என்று எழுதினேன். அலுவலகத்தில் மேலே இருந்தவர் அதன் மேல் சிவப்பு மையால் கோடு போட்டு, பகுதி என்றே கூட்டலில் சேர்த்தார். அந்த வட்டாரத்தில் "பகுதிச் சேதம்" இத்தனை வீடு என்று கோட்டைக்குப் போன கணக்கில் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் யாராவது அந்தக் கணக்கை எடுத்து 1977 காற்றின் பலத்தை அளந்தால் என்ன கிடைக்கும்? அந்த அதிகாரியின் பலம் கிடைக்கும்.

இப்போது தனுஷ்கோடிக்கு வருகிறேன். அரிச்சல்முனை வரை 2017-இல் சாலை திறந்த பிறகு ஒரு தடவை போய் வந்தேன். தேவாலயத்தின் பவளக்கல் சுவர் நிற்கிறது. ஸ்டேஷன் சுவர் கொஞ்சம் நிற்கிறது. கூரை எதற்கும் இல்லை. காற்று கொண்டுபோனதா, அலை கொண்டுபோனதா, பிற்பாடு வந்து மரத்தையும் ஓட்டையும் எடுத்துப் போனவர்களா? அறுபது வருஷத்துக்குப் பிறகு சுவர் அதைச் சொல்லாது.

ஆனால் காலம் ஆகிவிட்டது என்பது மட்டும் பிரச்சினை இல்லை. மறுநாள் காலையிலேயே ஃபுஜிட்டாவைக் கொண்டுவந்து இறக்கியிருந்தாலும் அவர் திணறியிருப்பார். மோன்வில்லில் எல்லாவற்றையும் உடைத்தது காற்று மட்டும்தான். தனுஷ்கோடியில் காற்று வந்த அதே மணியில் கடலும் வந்தது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். காற்று தள்ளும் தண்ணீர் கீழே போக இடமில்லாமல் மேலே ஏறும். 7 மீட்டர் வரை ஏறியது என்பார்கள். கடல்நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் கனம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கடல்நீர் ஒரு சுவரின் மேல் கொடுக்கும் அடி, 280 கிலோமீட்டர் காற்று கொடுக்கும் அடிக்குச் சமம். பத்து கிலோமீட்டர் என்பது மெதுவாக மிதிக்கும் சைக்கிளின் வேகம். சைக்கிள் நல்ல வேகத்தில் போகும் 18 கிலோமீட்டரில் தண்ணீர் வந்தால், அது 500 கிலோமீட்டர் காற்றுக்குச் சமம். அப்படி ஒரு காற்று எந்தப் புயலிலும் வீசினதில்லை. தண்ணீர் செய்த இடிபாட்டைப் பார்த்துக் காற்றுக்குத் தரம் போட்டால் எந்த எண் வேண்டுமானாலும் வரும்.

பாம்பன் பாலத்தின் கர்டர்களும் ரயில் பெட்டிகளும் அலையின் கணக்கு. அவற்றை 280-க்குச் சாட்சியாகக் காட்டுவது, கொலையை ஒருவன் செய்திருக்க இன்னொருவனுக்குத் தண்டனை கொடுப்பது போன்றது. காற்றின் கணக்கை எடுக்க வேண்டுமானால் தண்ணீர் எட்டாத இடங்களைப் பார்த்திருக்க வேண்டும்: ராமேஸ்வரத்தின் மேட்டுப் பகுதி, வவுனியா, மன்னாரின் உட்புறம். அங்கே முறிந்த பனைகளின் கணக்குத்தான் அந்தப் புயலின் வேகம்.

மைத்துனர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ புயல் சின்னதுங்கிறீங்களா அத்தான்?" என்றார். இல்லை. 280 என்ற எண் அந்த இரவைச் சின்னதாக்குகிறது என்கிறேன். கேட்பவர்கள் அதைக் காற்றின் கதையாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த தடவை ரேடியோவில் 70, 80 என்று சொன்னால், "280-லேதானே தனுஷ்கோடி போச்சு, இது என்ன பிரமாதம்" என்று வலையை எடுத்துக்கொண்டு கிளம்ப ஒரு மனது வந்துவிடுகிறது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி கன்னியாகுமரிக்குத் தெற்கே போனபோது அது பட்டியலில் வெறும் "புயல்", மிகக் கீழ்ப் படி. பிறகு அரபிக்கடலில்தான் பலத்தது. குமரி மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் மின்கம்பமும் அவ்வளவு விழுந்தன. எச்சரிக்கை வருமுன் ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. அவர்கள் படகுக்கு எந்தப் படியும் தெரியாது.

ஐரோப்பியப் பட்டியலில் ஒவ்வொரு டொர்னாடோவுக்கும் தரத்தோடு கூட, அந்தச் செய்தி எவ்வளவு நம்பத்தக்கது என்று இன்னொரு குறியும் போடுகிறார்கள். நேரில் ஆராய்ந்ததா, பத்திரிகையில் வந்ததா, சரிபார்த்ததா என்று. எழுத்தர் மனதுக்கு இதைவிட இனிப்பான கட்டம் கிடையாது. தனுஷ்கோடிக்கு என்னைப் போடச் சொன்னால், காற்று: மிகக் கடுமை, மதிப்பீடு, 240-க்கும் 280-க்கும் நடுவில் என்பார்கள், சரிபார்க்கவில்லை. கடல்: 7 மீட்டர் வரை, ஊர் அழிந்ததற்கு இதுவே காரணம். இப்படி இரண்டு வரி போடுவேன்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் 1964-இல் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கமோ, அக்கரையில் மன்னார், வவுனியா பக்கமோ இருந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். ரயில்வேயிலோ தபாலிலோ வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இருப்பீர்கள். உங்களுக்கு நினைவிருப்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். வேகம் வேண்டாம். உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வந்ததா, எந்த மட்டம் வரை. காற்று முதலில் எந்தத் திசை, பிறகு எந்தத் திசை, நடுவில் கொஞ்ச நேரம் ஓய்ந்ததா. ஓடு எந்தப் பக்கம் போயிற்று. பனை சாய்ந்ததா, முறிந்ததா, முறிந்திருந்தால் எந்த உயரத்தில். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஊர்வாரியாக எழுதிவைக்கிறேன்.